ஒரு வரியில் எடிட்டர் வராது

இணையச் செயலி எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை யாரும் கேள்வி கேட்காமலே நிலைத்துவிட்டது. பயனர் கட்டுரை எழுத வேண்டுமா, அறிவிப்பு எழுத வேண்டுமா, கடைப் பொருளுக்கு விவரம் எழுத வேண்டுமா, ஒரு ரிச் டெக்ஸ்ட் எடிட்டரைச் சேர்த்துவிட்டால் போதும். என்பிஎம்மில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு வரியில் நிறுவலாம், நான்கு வரியில் பக்கத்தில் ஏற்றலாம், அது தருகிற எச்டிஎம்எல்லை அப்படியே தரவுத்தளத்தில் போடலாம். மதிப்பீடு எழுதும்போது இந்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குகிறார்கள். அதுவே தாராளம் என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் கையில் முதலில் கொடுக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று.

இந்த நம்பிக்கை தவறானது. திரையில் ஒரு பெட்டியையும் அதன் தலையில் ஒரு டூல்பாரையும் வைக்கும் வேலையாக இதைப் பார்க்கிறார்கள். அந்த அரை நாளில் நடப்பது அதைவிடப் பெரிய விஷயம். அந்தத் தளத்தில் மனிதர்கள் இனி எழுதப்போகும் அத்தனையும் எந்த வடிவில் சேமிக்கப்படும், வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா, பத்தாண்டு கழித்துத் திறந்தால் படிக்கக் கிடைக்குமா என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடுகிறது. முடிவெடுத்தவர் என்று யாரும் இல்லை. தேடலில் முதலில் வந்த பேக்கேஜ் முடிவெடுத்துவிட்டது.

எடிட்டர் என்பது தீர்ந்துபோன சிக்கல் என்று சொல்கிறவர்கள் அது எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. ஒரு எச்டிஎம்எல் பகுதியைப் பயனரே திருத்தலாம் என்று அனுமதிக்கும் கன்டென்ட்எடிட்டபிள் என்ற பண்பை மைக்ரோசாஃப்ட் 2000-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5-இல் கொண்டுவந்தது. மற்ற உலாவிகள் பிறகு அதைப் பார்த்துச் செய்துகொண்டன. எழுதிவைத்த தரம் பின்னால்தான் வந்தது. ஆகவே ஒவ்வோர் உலாவியும் தன் போக்கில் நடந்தது. என்டர் விசையை அழுத்தினால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு பத்தியைப் போட்டது, க்ரோம் ஒரு டிவ்வைப் போட்டது, ஃபயர்ஃபாக்ஸ் ஒரு வரிமுறிவைப் போட்டது. ஃபயர்ஃபாக்ஸ் டிவ்வுக்கு மாறியது 2018-இல், 60-ஆம் பதிப்பில். அதுவரை ஒரே தளத்தில் மூன்று பேர் ஒரே கட்டுரையை எழுதினால் தரவுத்தளத்தில் மூன்று விதமான எச்டிஎம்எல் போய் உட்கார்ந்தது. எழுத்தைத் தடிப்பாக்கவும் சாய்க்கவும் பயன்பட்ட எக்செக்கமாண்ட் என்ற கட்டளை இன்று கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கென எழுதப்பட்ட வரைவே, தான் முழுமையான தரமாக ஒருபோதும் ஆகப்போவதில்லை என்று முகப்பில் சொல்கிறது. இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ‘நீங்களே எடிட்டர் செய்யலாம்’ வகைப் பாடங்களில் பல அந்தக் கட்டளையைத்தான் கற்றுக்கொடுக்கின்றன.

மீடியம் தளத்தின் எடிட்டரில் வேலை செய்த நிக் சாண்டோஸ் 2014-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. கண்ணுக்குத் தெரிவதும் அடியில் இருக்கும் எச்டிஎம்எல்லும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவதில்லை. தடித்துச் சாய்ந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தடிப்புக் குறிக்குள் சாய்வுக் குறி இருக்கலாம். சாய்வுக்குள் தடிப்பு இருக்கலாம். இரண்டும் இல்லாமல் ஒரு ஸ்பானில் ஸ்டைலாக இருக்கலாம். அந்தச் சொல்லே இரண்டு துண்டாக வெட்டப்பட்டு இரண்டு குறிகளுக்குள் கிடக்கலாம். படிப்பவருக்கு எல்லாம் ஒன்று. நிரலுக்கு ஒவ்வொன்றும் வேறு. கர்சரும் இப்படித்தான்: தடித்த சொல்லின் கடைசியில் கர்சர் நிற்கிறது என்றால், அது தடிப்புக் குறிக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா? அடுத்து அடிக்கும் எழுத்து தடிப்பாக வருமா வராதா என்பது அதைப் பொறுத்தது. பயனருக்கு இது தெரிய வழியே இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் லைப்ரரி இருக்கிறதே, ஏன் கவலை என்பார்கள். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், ஆகவே இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. எல்லோரும் சொந்தமாக எடிட்டர் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை; அது பெரும்பாலானவர்களுக்கு வீண்வேலை. நல்ல லைப்ரரிகள் இருக்கின்றன. ஆனால் அவை எப்படி நல்லவை ஆயின என்று பார்க்க வேண்டும். அவை அனைத்தும் ஒரே இடத்தில்தான் திரும்பின: எச்டிஎம்எல்லை உண்மையான ஆவணமாக நம்புவதை நிறுத்தின. மரைன் ஹாவர்பேக்க 2015-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வளர்த்து, 2017-இல் முதல் பதிப்பாக வெளியிட்ட ப்ரோஸ்மிரர், ஆவணத்துக்கு முதலில் ஓர் இலக்கணம் எழுதச் சொல்கிறது. எந்த உறுப்புகள் உண்டு, எதற்குள் எது வரலாம் என்று நீங்கள் அறிவிக்க வேண்டும். அந்த இலக்கணத்துக்கு வெளியே உள்ள எதுவும் ஆவணத்துக்குள் நுழையவே முடியாது. குவில் ஆவணத்தை வரிசையான செருகல்களாகப் பார்க்கிறது. அந்த வடிவத்துக்கு டெல்டா என்று பெயர். 2018-இல் வந்த சிகேஎடிட்டர் 5, நான்காம் பதிப்பின் நிரலை ஏறக்குறைய முழுக்க ஒதுக்கிவிட்டுத் தனக்கென ஒரு தரவு மாதிரியோடு புதிதாக எழுதப்பட்டது. ரூபி ஆன் ரெயில்ஸ் 2019-இல் தன் ஆறாம் பதிப்பில் சேர்த்துக்கொண்ட ட்ரிக்ஸ், கன்டென்ட்எடிட்டபிள் பகுதியை விசைகள் வந்து சேரும் வாசலாக மட்டும் வைத்துக்கொள்கிறது. ஆவணம் அதன் உள்ளே தனியாக இருக்கிறது.

ஆக, லைப்ரரிகளுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு டூல்பாரின் அழகிலோ பட்டன்களின் எண்ணிக்கையிலோ இல்லை. ஆவணத்தை ஒவ்வொன்றும் எப்படி எண்ணுகிறது என்பதில் இருக்கிறது. ‘சிறந்த பத்து எடிட்டர்கள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் நட்சத்திர எண்ணிக்கையையும் கோப்பின் எடையையும் ஒப்பிடுகிறார்கள். சேமிக்கும் வடிவம் என்ன, அதை வேறொரு நிரல் படிக்க முடியுமா, அட்டவணைக்குள் பட்டியல் வரலாமா, நாளை அந்த லைப்ரரி நின்றுபோனால் என் ஆவணங்கள் என்னவாகும் என்று அந்தப் பட்டியல்கள் கேட்பதே இல்லை.

நின்றுபோகும். ஃபேஸ்புக் 2016-இல் ட்ராஃப்ட் ஜேஎஸ்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது, ரியாக்ட் உலகில் வேறு பேச்சே இருக்கவில்லை. பெரிய நிறுவனம், அவர்களே பயன்படுத்துகிறார்கள், இதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். கைபேசிகளை இன்னும் முழுமையாக ஆதரிக்கவில்லை என்று அதன் ஆவணங்களே சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022-இல் அதே நிறுவனம் லெக்சிகல் என்ற வேறொரு எடிட்டரை வெளியிட்டது. 2023-இல் ட்ராஃப்ட் ஜேஎஸ்ஸின் களஞ்சியம் மூடப்பட்டது. ட்ராஃப்ட் ஆவணத்தை ஒன்றன்பின் ஒன்றான தொகுதிகளாகவும், எந்த எழுத்திலிருந்து எத்தனை எழுத்து தடிப்பு என்ற எண்களாகவும் சேமிக்கிறது. லெக்சிகல் ஆவணத்தைக் கிளைவிடும் மரமாக வைத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போக முடியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும், மாற்றியதைச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலைக்கான நாட்கள் எந்த அரை நாள் மதிப்பீட்டிலும் இருந்ததில்லை.

உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைனிஎம்சிஇ பல ஆண்டுகள் எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. 2022-இல் ஆறாம் பதிப்பு தளர்வான எம்ஐடி உரிமத்தில் வந்தது. 2024-இல் ஏழாம் பதிப்பு ஜிபிஎல்லுக்குப் போனது, இல்லாவிட்டால் காசு. சிகேஎடிட்டர் 4-க்கு இலவச ஆதரவு 2023 ஜூனில் முடிந்தது. அவர்கள் உழைப்புக்கு அவர்கள் விலை கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ‘இலவசம், ஒரு வரி’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வந்தவர், இந்த மாற்றங்களை யார் தலையில் கட்டுகிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

இனி, ஒட்டுதல். எடிட்டர் டெமோவை மதிப்பிடுகிறவர்கள் அதில் இரண்டு வரி தட்டச்சு செய்து, ஒரு சொல்லைத் தடிப்பாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். எழுதுகிறவர்கள் அப்படி எழுதுவதில்லை. வேர்டில் எழுதுகிறார்கள், கூகுள் டாக்ஸில் எழுதுகிறார்கள், வாட்ஸ்ஆப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டு அங்கே எழுதுகிறார்கள். பிறகு கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். எடிட்டருக்குள் வரும் எழுத்தில் பெரும்பங்கு ஒட்டிய எழுத்து. கூகுள் டாக்ஸிலிருந்து நகலெடுத்தால் முழுக் கட்டுரையும் ஒரு தடிப்புக் குறிக்குள் சுற்றப்பட்டு வருகிறது. அந்தக் குறியின் மேலேயே ‘தடிப்பு வேண்டாம்’ என்ற ஸ்டைலும் ஒட்டியிருக்கும். சுத்தம் செய்யும் நிரல் ஸ்டைல்களை நீக்கிவிட்டுக் குறிகளை விட்டுவைத்தால், கட்டுரை முழுவதும் தடித்த எழுத்தாகிவிடும். வேர்டிலிருந்து வரும் பட்டியல்கள் பட்டியல்களே அல்ல: தனித்தனிப் பத்திகள், ஒவ்வொன்றின் முன்னும் சிம்பல் எழுத்துருவில் ஒரு புள்ளி, மேலே மைக்ரோசாஃப்டின் சொந்த வகுப்புப் பெயர்கள். இதைச் சரியான பட்டியலாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்று வேண்டுமானால், டைனிஎம்சிஇயில் அந்த வசதி தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய செருகுநிரலாக இருப்பதைப் பாருங்கள். படத்தை ஒட்டினாலோ, குவில் போன்றவை இயல்பாகவே அதை பேஸ்64 எழுத்துகளாக்கி ஆவணத்துக்குள்ளேயே திணிக்கின்றன. அப்படி மாற்றினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். மூன்று எம்பி புகைப்படம் நான்கு எம்பி எழுத்தாகி, கட்டுரையின் ஒவ்வொரு பழைய பிரதியிலும் திரும்பத் திரும்பச் சேமிக்கப்படும். பட்டியல் பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாகத் திறக்கிறது என்று ஆறு மாதம் கழித்து ஒருவர் தேடிக்கொண்டிருப்பார்.

தமிழில் இதற்குமேலும் ஒன்று இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் அச்சகங்களிலும் இதழ் அலுவலகங்களிலும் புழங்குகின்றன. இலங்கையில் பாமினி பரவலாக இருந்தது. தமிழ்நாட்டு டிடிபி நிலையங்களில் வேறு பல. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஒட்டும்போது எழுத்துருப் பெயரை நீக்கிவிடுவதே நல்ல வழக்கம் என்று எல்லா எடிட்டர்களும் நினைக்கின்றன. பொதுவாக அது சரியும்கூட. ஆனால் இங்கே எழுத்துருப் பெயர் போனால் மொழியே போய்விடுகிறது. ஒரு பழைய இதழின் தரவுத்தளத்தை நான் பார்த்திருக்கிறேன். நடுநடுவே கட்டுரைகள் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக இருந்தன. எது எந்த எழுத்துரு என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சவில்லை. ஒட்டும் கணத்தில் எழுத்துருப் பெயரைப் பார்த்து யூனிகோடாக மாற்றியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். அது சில நாள் வேலை. எந்தப் பேக்கேஜும் அதைத் தானாகச் செய்துதராது, ஏனென்றால் அதை எழுதியவர்களுக்குப் பாமினி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

யூனிகோடிலேயே எழுதினாலும் தமிழுக்கு எடிட்டர் இலவசமாக வந்துவிடுவதில்லை. ‘தமிழ்’ என்ற சொல் படிப்பவருக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அந்த ஐந்துதான் கணக்கில் வரும். ஆகவே ‘இருநூறு எழுத்துக்குள்’ என்று சொல்லும் பெட்டி தமிழில் எழுதுகிறவரை அதற்கு வெகு முன்பே நிறுத்திவிடும். பயனர் காணும் எழுத்துகளை எண்ணித் தரும் வசதியாகிய செக்மென்டர் க்ரோமில் 2020-இலேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எண்களாக வைத்திருக்கும் எடிட்டர்களில், எல்லை ஒரு மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே விழுந்துவிட்டால் எழுத்து இரண்டாகப் பிளக்கும். ககரம் ஒரு குறிக்குள், ஒகரக் குறி இன்னொன்றுக்குள். இரண்டுக்கும் எழுத்துரு வேறானால் திரையில் தனித்த உயிர்க்குறி புள்ளிவட்டத்தோடு நிற்கும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டால் ஒரு நொடியில் பிடிபடும் பிழை இது. சோதிப்பவர் ‘ஹலோ வேர்ல்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தால் ஒருநாளும் பிடிபடாது.

பேக்ஸ்பேஸ் விசையைப் பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. இரண்டும் திரையில் ஒன்றே. உலாவி பேக்ஸ்பேஸுக்குக் கடைசிக் குறியீட்டை மட்டும் அழிக்கும்போது, முதலாவதில் ‘க’ மிஞ்சும், இரண்டாவதில் ‘கெ’ மிஞ்சும். எடிட்டர் உலாவியை நம்பாமல் தானே கணக்குப் போட்டு அழிக்கத் தொடங்கினால் முழு எழுத்தும் போகலாம். எழுதுகிறவர் கைக்குப் பழகிய வழக்கம் ஒன்று உண்டு: குறி தவறாக விழுந்தால் ஒருமுறை அழித்து வேறு குறி போடுவது. அந்தப் பழக்கம் உடைந்தால் அவர் எழுத்து தடுமாறும்; எடிட்டர் சரியில்லை என்று சொல்லத் தெரியாமல் தன் தட்டச்சு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தேடலுக்கும் இதே கதிதான். சேமிக்கும்போது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ‘கொடை’ என்று தேடுகிறவருக்குப் பாதிக் ‘கொடை’கள் அகப்படாது.

கைபேசியில் இன்னும் கடினம். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகள் ஒவ்வொரு விசையையும் தனித்தனியே சொல்வதில்லை. பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணை அனுப்பிவிட்டு, சொல் உருவாகி முடியும்வரை அதைத் தங்கள் பிடியில் வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் ரியாக்ட் போன்ற ஒன்று திரையை மறுபடி வரைந்தால் விசைப்பலகை குழம்பும்: எழுத்து இரட்டிக்கும், அல்லது அடித்தது மறையும். ‘அம்மா’ என்று ஒலிபெயர்த்து அடிக்கும் பழக்கமுள்ளவர்கள், மெய்யின் மேல் புள்ளி வந்து பிறகு உயிர் சேர்ந்து புள்ளி மறைவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு திருத்தம். சிக்கல் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் கொரியனுக்கும் பொது. ஆனால் அந்த மொழிகளில் பிழையைச் சொல்ல ஆள் அதிகம், சரிசெய்ய நிறுவனங்கள் உண்டு. உலாவி செய்கிறவர்களே இது தீரவில்லை என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம்தான் எடிட்கான்டெக்ஸ்ட் என்ற புதிய வசதி. எழுத்துகளை உள்வாங்குவதையும் திரையில் காட்டுவதையும் அது பிரிக்கிறது. க்ரோமின் 121-ஆம் பதிப்பில், 2024 ஜனவரியில்தான் அது வந்தது. தீர்ந்துபோன சிக்கலுக்கு இருபத்துநான்கு ஆண்டு கழித்து யாரும் புது வாசல் வெட்டுவதில்லை.

கூகுள் டாக்ஸ் 2010-இல் கன்டென்ட்எடிட்டபிளைக் கைவிட்டுத் தன் சொந்த எடிட்டரை எழுதியது. கர்சரைக்கூடத் தானே வரைந்தது. 2021-இல் பக்கத்தையே கான்வாஸில் வரையப்போவதாக அறிவித்தது. விக்கிமீடியா அறக்கட்டளையின் விஷுவல்எடிட்டர் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் இயல்பாகத் திறக்கப்பட்டது; பங்களிப்பாளர்களின் எதிர்ப்பால் சில மாதங்களிலேயே விரும்பியவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று பின்வாங்க வேண்டியிருந்தது. முழுநேரப் பொறியாளர்கள் இருந்த இடங்களின் கதை இது. இவர்களைப் போலச் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவர்களுக்கு இவ்வளவு ஆன ஒன்றை நமக்கு அரை நாளில் ஆகும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம் என்று கேட்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. பயனர் தரும் எச்டிஎம்எல்லை அப்படியே காட்டும் தளம் மற்றப் பயனர்களின் உலாவியை அந்நியர் கையில் கொடுக்கிறது. 2005 அக்டோபரில் சாமி கம்கார் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் அறிமுகப் பக்கத்துக்குள் நிரல் ஒன்றைப் பதுக்கினார். அந்தத் தளம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே வடிகட்டி வைத்திருந்தது. அவர் அந்தச் சொல்லின் நடுவே வரியை முறித்தார்; சில உலாவிகள் அதைப் பொருட்படுத்தாமல் இயக்கின. ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு நண்பர்களாகிவிட்டார்கள், தளத்தை நிறுத்தித்தான் சரிசெய்ய முடிந்தது. எடிட்டரே சுத்தமான எச்டிஎம்எல்தான் தருகிறதே என்று இன்றும் சொல்கிறார்கள். தாக்குகிறவர் உங்கள் எடிட்டரைத் திறப்பதே இல்லை. நேரே சர்வருக்கு அனுப்புகிறார். சுத்தம் சர்வரில் நடக்க வேண்டும், அனுமதித்தவற்றின் பட்டியலை வைத்து நடக்க வேண்டும். எதை அனுமதிக்கிறோம் என்று முன்பே எழுதிவைக்காதவரிடம் அந்தப் பட்டியல் இருக்காது.

அந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தால்தான் டூல்பார் எவ்வளவு பொருத்தமற்றது என்பது தெரியும். வழக்கமான டூல்பாரில் எழுத்தின் நிறம், அளவு, பின்னணி, எழுத்துருப் பெயர் எல்லாம் இருக்கின்றன: அலுவலகக் கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு வேண்டியவை. கவிதை வெளியிடும் ஓர் இதழுக்கு என்ன வேண்டும்? ஒரு கண்ணிக்குள் வரி முறிய வேண்டும், கண்ணிகளுக்கு இடையே இடைவெளி வேண்டும், சில வரிகள் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். என்டர் தட்டினால் பத்தி முறியும் எடிட்டரில் கவிதையின் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகி, கண்ணி என்ற அமைப்பே காணாமல் போகிறது. எழுதுகிறவர் இடைவெளிகளைத் தட்டித் தட்டி நிரப்புகிறார். கைபேசியில் அது உருக்குலைகிறது. ஆய்விதழுக்கு அடிக்குறிப்பு வேண்டும், சமையல் தளத்துக்கு அளவும் பொருளும் வேண்டும், சட்டத் தளத்துக்குப் பிரிவு எண் வேண்டும். இவை எதுவும் டூல்பாரில் இல்லை. வேண்டாத முப்பது பட்டன்கள் இருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் ப்ரோஸ்மிரரின் மேல் தன் எடிட்டரைக் கட்டியபோது செய்தியின் தலைப்பகுதி போன்ற தன் உறுப்புகளைத் தானே வரையறுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசின் தளத்துக்கு எழுதும் ஊழியர்களிடம் வேர்டு போன்ற பெட்டியே கொடுக்கப்படவில்லை. மார்க்டவுனை ஒட்டிய ஒரு குறிமுறையில், முகவரி, எச்சரிக்கை, தொடர்பு விவரம் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். தன் எழுத்து என்ன வகை என்று தெரிந்த இடம் எடிட்டரை அதற்கேற்ப வெட்டிக்கொள்கிறது.

பயனர்கள்தான் நிறம் கேட்கிறார்கள், அளவு கேட்கிறார்கள் என்ற பதில் வரும். கேட்கிறார்கள், உண்மை. எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரிய எழுத்து கேட்பவருக்குத் துணைத்தலைப்பு வேண்டும். சிவப்பு கேட்பவருக்கு எச்சரிக்கை வேண்டும். அவர்களுக்குத் துணைத்தலைப்பையும் எச்சரிக்கையையும் கொடுங்கள். அளவைக் கொடுத்தால், தடித்துப் பெருத்த ஒரு பத்தியைத் தலைப்பு என்று வைத்துவிடுவார்கள். திரைவாசிப்பானில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்தக் கட்டுரையில் தலைப்பே இருக்காது. கேட்டதைக் கொடுத்தோம் என்பது அவரிடம் எடுபடாது.

கடைசியாக நேரம். வாடிக்கையாளர் இரண்டு நாள்தான் தருகிறார், இலக்கணம் வரையறுக்கவும் ஒட்டுதலைச் சோதிக்கவும் எங்கே நேரம் என்பார்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ரிச் டெக்ஸ்ட் எடிட்டரையே சேர்க்காதீர்கள். ஒரு சாதாரண டெக்ஸ்ட்ஏரியா வையுங்கள். வெற்று வரி விட்டால் பத்தி, இணைய முகவரி எழுதினால் இணைப்பு என்று காட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ் விசைப்பலகை எதுவானாலும் அதில் ஒழுங்காக வேலை செய்யும், ஆண்ட்ராய்டில் எழுத்து இரட்டிக்காது, பார்வையற்றவர் பயன்படுத்தலாம், சேமிப்பது வெறும் எழுத்து என்பதால், காட்டும்போது குறிகளைச் செயலிழக்கச் செய்தால் போதும், யாரும் அதில் நிரல் பதுக்க முடியாது. ஒரு வருடம் கழித்து இலக்கணம் முடிவான பிறகு, அந்த வெற்று உரை அத்தனையையும் எந்த எடிட்டரின் வடிவத்துக்கும் ஒரு மாலையில் எழுதிய நிரலால் மாற்றலாம். அவசரத்தில் சேர்த்த எடிட்டர் நிரப்பிவைத்த எச்டிஎம்எல்லை அப்படி மாற்ற முடியாது. எது எழுதியவர் வேண்டுமென்று தடித்தது, எது கூகுள் டாக்ஸ் ஒட்டிவிட்டது, எது கவிதையின் வரி, எது உலாவி போட்ட டிவ் என்று அந்தக் கோப்பிலிருந்து எந்த நிரலும் கண்டுபிடித்துச் சொல்லாது. ஒவ்வொரு கட்டுரையையும் ஓர் ஆள் திறந்து படித்துத்தான் பிரிக்க வேண்டும்.